ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம்

பிப். 2, திங்கள்

விடியற்காலையில் பனி. ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று. ரப்பர் மரங்கள் எல்லாம் இலை உதிர்த்து மொட்டை. வழி முழுக்கச் சருகு.

லேபில் நல்ல கூட்டம். பாதிப் பேர் சர்க்கரை பார்க்க வந்தவர்கள். முகக்கவசம் போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது. கண்ணாடியைக் கழற்றினால் ஊசி குத்த வேண்டிய நரம்பு தெரியாது. முன்மேசையில் இருக்கும் லதா அக்கா ஒரு பெரியவரிடம், "டீ குடிச்சாச்சுல்லா, இனி நாளைக்கி வாருங்க" என்றாள். அவர், "கட்டன் டீயாக்கும், பால் சேக்கல்ல" என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் தங்கை ஜினி போன். கான்டாக்ட் லென்ஸ் போடுவதைச் சனிக்கிழமையே நிறுத்திவிட்டாளாம். கண்ணாடியை விட்டொழிக்கும் லேசருக்குப் பரிசோதனை செய்ய வேண்டுமென்றால் இரண்டு வாரம் லென்ஸ் கூடாது. 14ஆம் தேதி நாகர்கோவிலில் நேரம் வாங்கியிருக்கிறாள்.

"நீயும் வாக்கா. ரெண்டு பேருக்கும் சேத்து பாத்துரலாம்."

எனக்கு எதற்கு என்றேன். "நீ மூணாங்கிளாஸ்ல இருந்து கண்ணாடி போட்டுட்டு அலையல்லியா" என்றாள்.

சரி, துணைக்குப் போக வேண்டியதுதான். லீவு சொல்ல வேண்டும். சிலிண்டர் பதிய வேண்டும்.

பிப். 5, வியாழன்

சிலிண்டர் வந்தது. மீன்காரர் வரவில்லை. முட்டை.

ஜினிக்குக் காரணம் இருக்கிறது. போலீஸ் எஸ்.ஐ. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். இனி ஓட்டம், பிறகு மெடிக்கல். மெடிக்கலில் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரிய வேண்டும். இருபத்து நாலு வயதில் அவளுக்கு இருக்கும் ஒரே நினைப்பு அந்தத் தொப்பிதான். தினமும் காலையில் கல்லூரி மைதானத்தில் ஓடுகிறாள்.

எனக்கு என்ன காரணம்? எழுதிப் பார்க்கிறேன்.

வேண்டும் என்பதற்கு: முகக்கவசம். மூக்கில் இரண்டு பள்ளம். எழுந்ததும் கட்டிலுக்கடியில் தடவுவது. குளிக்கும்போது சோப்புக்கும் ஷாம்புவுக்கும் வித்தியாசம் தெரியாதது. சங்குத்துறையில் கடலில் இறங்கினால் கரையில் நிற்பது சுனிலா வேறு யாரோவா என்று தெரியாதது (ஒருமுறை வேறு யாருக்கோ கை காட்டினேன்).

வேண்டாம் என்பதற்கு: பயம்.

சுனிலிடம் கேட்டேன். பெயிண்ட் கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். பெயிண்ட் கலர் அட்டையைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

"உன் இஷ்டம். ஆனா கண்ணாடி இல்லாத மொகம் எனக்கு பழக்கமில்ல, கேட்டியா."

கல்யாணமாகி ஆறு வருடம்.

பிப். 8, ஞாயிறு

ஆராதனை நீண்டுவிட்டது. அம்மா வீட்டில் சாப்பாடு. மரச்சீனிக் கிழங்கு, சாளை மீன் கறி.

ஜினி பழைய கண்ணாடியில். அது பிடிக்காமல் குனிந்தே இருந்தாள். வலது கண்ணைச் சும்மா சும்மா கசக்குகிறாள். லென்ஸ் இல்லாததால் அரிக்கிறதாம். லென்ஸ் இருந்தபோதும் அப்படித்தான் சொன்னாள்.

அம்மாவுக்கு லேசர் என்ற சொல்லே பிடிக்கவில்லை.

"தெய்வம் தந்த கண்ண எதுக்குட்டி சொரண்டணும்?"

"சொரண்டக்கில்ல அம்மா. வெளிச்சமாக்கும்."

"வெளிச்சம்னா வெல்டிங்குக்கும் வெளிச்சம்தான்."

ஜினி எழுந்து போய்விட்டாள். நான் கறிச் சட்டியைக் கழுவினேன். அம்மா தனியாக என்னிடம், "நீ கூடப் போ மக்களே. அவ ஒத்தைக்கிப் போனா எதுக்கும் சரின்னு சொல்லிருவா" என்றாள்.

பிப். 14, சனி

காலை எட்டு மணி பஸ். நாகர்கோவில் போகிற வழியில் மேக்காமண்டபம் பக்கமெல்லாம் நெரிசல்.

ஆஸ்பத்திரி சுத்தமாக இருந்தது. ஏசி அதிகம். பக்கத்து நாற்காலியில் ஒரு தாத்தா தன் மகளிடம்: "பஸ் போர்டு தெரியல்ல, மார்த்தாண்டம்னு நெனச்சு ஏறினேன். களியக்காவிள தாண்டி கேரளத்துக்குள்ள போன பெறவுதான் தெரிஞ்சுது." மகள் சிரிக்கவில்லை.

எழுத்து வாசித்தல். கண் அழுத்தம். கண்ணீர் சுரக்கிறதா என்று பார்க்க இமைக்குள் ஒரு காகிதத் துண்டு. அப்புறம் கருவிழி ஸ்கேன். தாடையை வைத்து, இமைக்காமல், நடுவில் இருக்கும் புள்ளியைப் பார்க்க வேண்டும். திரையில் கண் வரைபடம் மாதிரி வரும். பச்சை, நீலம், மஞ்சள். எனக்குப் பச்சையும் நீலமுமாக இருந்தது. ஜினிக்கு என்ன நிறம் என்று அப்போது பார்க்கவில்லை.

பிறகு சொட்டு மருந்து விட்டார்கள். எல்லாம் மங்கல். பரிசோதனை செய்த பெண் என் தாளைப் பார்த்து, "உங்களுக்கு கருவிழி நல்ல கனமா இருக்குக்கா. தாராளமா செய்யலாம்" என்றாள்.

அந்த நிமிஷம்தான் தெரிந்தது, எனக்கு ஆசை இருந்திருக்கிறது. துணைக்கு வந்ததாக நானே நம்பிக்கொண்டிருந்தேன். சங்குத்துறை நினைவுக்கு வந்தது.

ஜினியின் ஸ்கேனை மட்டும் இரண்டாவது தடவை எடுத்தார்கள். பிறகு மூன்றாவது தடவை.

டாக்டர் பெண். ஐம்பது வயதிருக்கும். எங்கள் இருவரையும் சேர்த்தே உட்காரச் சொன்னார். ஜினியின் வலது கண் படத்தில் கீழ்ப்பக்கம் சிவப்பு. கருவிழி அந்த இடத்தில் மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளத் தொடங்கியிருக்கிறதாம். இடது கண்ணில் சந்தேகம் மட்டும்.

"லேசர் கருவிழியை இன்னும் மெலிசாக்கும்மா. உனக்கு செய்யவே கூடாது. எங்க போனாலும் கூடாது."

ஜினி, "கொஞ்சமா செஞ்சா?" என்றாள்.

"கொஞ்சமாவும் கூடாது."

கண்ணைக் கசக்குவாயா என்று கேட்டார். நான்தான் ஆமாம் என்றேன். கசக்கவே கூடாதாம். வலது கண்ணில் மஞ்சள் மருந்து ஊற்றி ஒருவித ஒளி காட்டிக் கருவிழியை இறுக்கமாக்கும் சிகிச்சை இருக்கிறது. பார்வை அதிகமாகாது. இதற்கு மேல் கெடாமல் நிற்கும். சீக்கிரம் செய்ய வேண்டும்.

"இப்ப வந்தது நல்லதாப் போச்சு. இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். என் ஸ்கேன் நன்றாக இருக்கிறது. ஆனால் கூடப்பிறந்தவளுக்கு இந்த நோய் இருக்கிறது. எனக்கும் பின்னால் வரலாம், வராமலும் இருக்கலாம். லேசர் செய்த கண்ணில் வந்தால் தொல்லை.

"ஒரு வருஷம் கழிச்சு திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். இன்னிக்கு நான் செய்ய மாட்டேன்."

வெளியே வந்தோம். மருந்தின் மங்கல் தீரவில்லை. இரண்டு பேருக்கும் வெயிலில் கண் கூசியது, கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தோம். பஸ்ஸ்டாண்டு கடையில் ஜினி பழம்பொரி மூன்று தின்றாள். தக்கலை தாண்டியதும், "அம்மைட்ட நீ சொல்லு" என்றாள்.

பிப். 15, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "நான் அப்பவே பறஞ்சேன்" என்று தொடங்கினாள். பிறகு, நோய் முன்பே இருந்தது, லேசரால் வந்ததில்லை என்று விளங்கியதும் நிறுத்திவிட்டாள். அடுத்து, "எங்க வீட்டு வழியா, உங்கப்பா வழியா?" என்றாள்.

யாருக்குத் தெரியும். அப்பா கண்ணாடியே போட்டதில்லை. சோதித்துப் பார்க்கலாமென்றால் அவர் போய் இருபது வருடம் ஆகிறது.

ஜினி இன்று ஓடப் போகவில்லை.

பிப். 19, வியாழன்

நேற்றிலிருந்து லெந்து நாள், தவக்காலம். அம்மா மீன் நிறுத்தியாகிவிட்டது. சுனில் நிறுத்தவில்லை.

ஜினிக்கு 27ஆம் தேதி சிகிச்சை. போனில் எல்லாவற்றுக்கும் "சரி" என்கிறாள். அழுதால் தேவலை.

இன்று லேபில் மைக்ராஸ்கோப்பில் வெள்ளையணு எண்ணும்போது வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். முடித்துவிட்டுத் திரும்ப எடுக்கும்போது எரிச்சல். பதினான்காம் தேதிக்கு முன்னால் இந்த எரிச்சல் இல்லை. செய்யலாம் என்று ஒருத்தி சொல்லிவிட்டாள், இன்னொருவர் கூடாது என்றுவிட்டார். இடையில் ஒரு பத்து நிமிடம் நான் கண்ணாடி இல்லாத ஆளாக இருந்திருக்கிறேன்.

லதா அக்கா: "அதே ஊர்ல வேற ஆஸ்பத்திரி இல்லியா? ஒரு டாக்டர் சொன்னா வேதமா?"

பிப். 25, புதன்

அரை நாள் லீவு. சுனிலிடம் பல் வலி என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை, அவர் தடுத்திருக்க மாட்டார்.

வேறொரு கண் ஆஸ்பத்திரி. அங்கும் அதே பரிசோதனைகள். அதே பச்சை, நீலம். விவரம் கேட்கும் பெண் கணினியில் தட்டிக்கொண்டே வரிசையாகக் கேட்டாள். சர்க்கரை? இல்லை. கர்ப்பம்? இல்லை. பவர் ஒரு வருடமாக மாறியதா? இல்லை.

"வீட்ல யாருக்காவது கருவிழில நோய் உண்டா மேடம்? அம்மா, அப்பா, கூடப்பிறந்தவங்க?"

இல்லை என்றேன்.

யோசிக்கவில்லை. இல்லை, இல்லை என்று வந்த வரிசையில் அதுவும் வந்துவிட்டது. இது முழு உண்மையும் இல்லை. பஸ்ஸில் வரும்போதே அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 7 சனிக்கிழமை செய்யலாம் என்றார்கள். ஒரு மணி நேர வேலைதானாம். மறுநாளே தெரியும். வெளியே வந்து இளநீர் குடித்தேன். எதிரே ஒரு துணிக்கடை போர்டு. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். வெறும் நிறம். சனிக்குப் பிறகு வாசிக்கலாம் என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை எழுதிவைக்க வேண்டும்.

பிப். 27, வெள்ளி

ஜினிக்குச் செய்தாயிற்று. நான்தான் கூடப் போனேன். கண்ணில் மஞ்சள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீல ஒளிக்குக் கீழே படுக்க வைத்தார்களாம். உள்ளே வலி இல்லை. ஆட்டோவில் வரும்போது தொடங்கியது. வில்லுக்குறியிலிருந்து என் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு வந்தாள். ஆட்டோக்காரர் கேட்காமலே பள்ளம் பார்த்துப் பைய ஓட்டினார்.

அம்மா ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை கட்டியிருந்தாள்.

சொட்டு: நீல மூடி இரண்டு மணிக்கொருமுறை. வெள்ளை மூடி நான்கு வேளை. மாத்திரை சாப்பாட்டுக்குப் பின்.

இரவு இங்கேயே தங்குகிறேன்.

பிப். 28, சனி

ஜினிக்குக் கண் திறக்க முடியவில்லை. மண் அள்ளிப் போட்டது போல இருக்கிறதாம். கருவிழி மேல் ஒரு பாதுகாப்பு லென்ஸ் வைத்திருக்கிறார்கள், புண் ஆறும் வரை. கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினேன். சின்ன வயதில் ஊட்டியிருக்கிறேனா? நினைவில்லை.

மத்தியானம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். இருட்டு அறை. நான் போனில் மார்ச் 7க்கான குறுஞ்செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் தலை குளிக்க வேண்டும், மை போடக் கூடாது, இப்படி.

"என்னக்கா மெசேஜ்?" என்றாள் ஜினி. ஒலி கேட்டிருக்கிறது.

சொல்லிவிட்டேன். வேறு இடத்தில் பார்த்தேன், அடுத்த சனிக்கிழமை செய்யப் போகிறேன் என்று.

"நல்லது" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். பிறகு:

"அங்க கேட்டாங்களா, வீட்ல யாருக்காவது உண்டான்னு?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"இல்லேன்னு சொன்னியா?"

"ஆமா."

"அப்ப நான் உனக்கு ஆருக்கா?"

சத்தம் உயரவில்லை. சாதாரணமாகக் கேட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அது காலையிலிருந்தே வழிகிறது, அதனால் ஒன்றும் சொல்ல முடியாது. நான் பஞ்சால் கன்னத்தைத் துடைத்தேன். துடைக்க விட்டாள்.

"உனக்குக் கெடைக்காதது எனக்குக் கெடைக்குதுன்னு எனக்கு ஒரே வெப்ராளமும் பதட்டமுமா இருந்துட்டி. அதான் ஆருட்டயும் சொல்லாம போனேன்."

"நீ செய்யாம இருந்தா என் கண்ணு நேராயிருமா? செய்யணும்னா செய். ஆனா சொல்லிட்டுச் செய். உனக்கும் இப்பிடி வந்து ரெண்டு பேரும் போர்வைக்கு உள்ள கெடந்தா கஞ்சி ஆரு வைப்பா?"

பிறகு, "நீல மூடி நேரமாச்சு" என்றாள்.

சொட்டு விட்டேன். அம்மா வரும் சத்தம். முருங்கைக்காய் வாங்கி வந்திருந்தாள்.

மார்ச் 2, திங்கள்

வேலைக்குப் போகும் முன் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன். அதே பெண். நான் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது, தங்கைக்குக் கருவிழி கூம்பும் நோய், போன வெள்ளிதான் சிகிச்சை நடந்தது என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நல்லவேளை சொன்னீங்க மேடம். டாக்டர்ட்ட காட்டிட்டு கூப்பிடுறேன்."

சாயங்காலம் கூப்பிட்டாள். சனிக்கிழமை ரத்து. ஒரு வருடம் கழித்துத் திரும்ப ஸ்கேன், அதுவரை கண்ணாடி. இரண்டு டாக்டர்களும் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே வார்த்தை.

சுனிலிடம் எல்லாம் சொன்னேன். பல் வலி உட்பட.

"பல்லு வலிக்கி ஒருத்தரும் இவ்வளவு நல்ல சேலை உடுத்துட்டுப் போகமாட்டாங்க. எனக்கு அன்னைக்கே மனசிலாச்சு" என்றார். கோபம்தான். பாத்திரம் வைத்த சத்தத்தில் தெரிந்தது. ராத்திரி கூட்டை வழித்துச் சாப்பிட்டார், அது வேறு விஷயம்.

மார்ச் 7, சனி

இன்றுதான் நடந்திருக்க வேண்டியது. துணி துவைத்தேன். சுனிலோடு சந்தைக்குப் போனேன். அயலை மீன் நன்றாக இருந்தது.

ஜினி கண்ணில் இருந்த லென்ஸை முந்தாநாள் எடுத்தாகிவிட்டது. புண் ஆறியிருக்கிறது. சிகிச்சை நாளிலிருந்து ஒரு மாதம் தூசி, வியர்வை கூடாது. பிறகு ஓடலாமா என்று கேட்டிருக்கிறாள். டாக்டர், "ஓடு, கசக்காதே" என்றாராம்.

மார்ச் 20, வெள்ளி

ஓட்டத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது ஜினிக்கு. ஏப்ரல் முதல் வாரம், ஈஸ்டருக்கு முன். மெடிக்கல் அதற்கடுத்த வாரம்.

அம்மாவுக்கு, போகாமல் இருந்தால் நல்லது. போய் என்ன பிரயோஜனம் என்று என்னிடம் முணுமுணுத்தாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஜினியிடம் கேட்டேன்.

"ஓட்டத்துக்குக் கண்ணு கேக்கல்லல்லா."

"மெடிக்கலுக்கு?"

"அதுக்கும் போவேன். அவங்க வாயால சொல்லட்டும்."

ஏப். 2, வியாழன்

பெரிய வியாழன். ராப்போஜன ஆராதனை சாயங்காலம். காலையில் ஜினியின் ஓட்டம்.

நானும் போனேன். மைதானத்துக்குள் விடவில்லை. வேலிக்கு வெளியே புளிய மரத்தடியில் மற்றவர்களின் அம்மா அப்பாக்களோடு நின்றேன். ஜினி கண்ணாடியைப் பின்பக்கம் கறுப்பு எலாஸ்டிக் வைத்துக் கட்டியிருந்தாள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். முதல் சுற்றில் நடுவில். இரண்டாவதில் முன்னால் மூன்று பேர்தான். முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள், உட்காரவில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், "கண்ணாடி போட்ட பிள்ள உங்க ஆளா?" என்றாள்.

"என் தங்கச்சி" என்றேன்.

வெளியே வந்தபோது முகமெல்லாம் வியர்வை. கை கண்ணை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். துண்டைக் கொடுத்தேன். தேறிவிட்டாள்.

ஏப். 9, வியாழன்

மெடிக்கல். வாயால் சொன்னார்கள்.

ஜினி போனில்: "எழுத்து வரியில மேல ரெண்டு மட்டும் தெரிஞ்சுது. அந்த டாக்டர் பாவம், இன்னொருக்கா பாரும்மா, இன்னொருக்கா பாரும்மாங்குதாரு."

இரண்டு நாள் அழுவாள் என்று நினைக்கிறேன். அழட்டும். ஆபீஸ் வேலைத் தேர்வு ஒன்றுக்கு நேற்றே விண்ணப்பம் போட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் செய்ய அவளுக்கும் உரிமை உண்டு.

லேசர் எனக்கு இன்னும் வேண்டும்தான். ஒரு வருடம் கழித்து ஸ்கேன் நன்றாக இருந்தால் செய்வேன் என்று நினைக்கிறேன். நன்றாக இல்லை என்றால் இல்லை.

ஏப். 11, சனி

காலையில் இடி, மழை இல்லை. மார்த்தாண்டம் கண்ணாடிக் கடை. டாக்டர் ஜினிக்குப் புதுப் பவர் எழுதித் தந்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் மாறலாம், இப்போதைக்கு இது. எனக்கும் ஃபிரேம் மாற்ற வேண்டும், பழையதில் ஒரு காது தளர்ந்துவிட்டது.

கடைக்காரர் தட்டுத் தட்டாக எடுத்து வைத்தார். மாதிரி ஃபிரேம்களில் பவர் கிடையாது. போட்டுக்கொண்டால் முன்னால் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியில் நம் முகம் நமக்கே தெரியாது. இருபது வருடத்துக்கு மேலாக இதே பிழைப்பு, யாரோ சொல்வதை நம்பி வாங்குவது.

கறுப்பு ஒன்று போட்டேன். ஜினி பழுப்பில், வட்டமாக ஒன்று போட்டுக்கொண்டாள். கடைக்காரர் போன் பேச எழுந்து போயிருந்தார்.

"எப்படி இருக்குக்கா?" என்றாள்.

அவள் முகம் இருந்த இடத்தில் மாநிறமாக ஒரு வட்டம். நடுவில் பழுப்பாக ஏதோ.

"நல்லா இருக்கு. எனக்கு?"

ஜினி முகத்தைக் கிட்டே கொண்டுவந்து வெகு நேரம் பார்த்தாள்.

"உனக்கும் நல்லா இருக்கு."

இரண்டையும் எடுத்துவிட்டோம். புதன்கிழமை தருவார்கள்.